பற்றுச்சீட்டைப் பத்திரமாக வைப்போம்

கொழுந்து நிறுக்கும்போது தராசிலிருந்து நாம் கண்ணை எடுப்பதில்லை. ஒரு கிலோ குறைந்தாலும் ஏன் என்று கேட்கிறோம். 1867இல் தேயிலை பயிரிடப்பட்ட லூல்கந்துர, நமது ஹேவாஹெட்ட மலைகளில்தான் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக நிறுவைக்கு நியாயம் கேட்டுப் பழகிய மக்கள் நாம். ஆனால் டவுனில் வாங்கிய ரைஸ் குக்கரோ, போனோ பத்தே நாளில் பழுதாகி, கடைக்காரர் கையை விரித்தால், தலைவிதி என்று லயத்துக்குத் திரும்பிவிடுகிறோம்.

இது தலைவிதி அல்ல. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் நமக்கும் உரியது.

முதலில் பற்றுச்சீட்டுடனும் உத்தரவாத அட்டையுடனும் கடைக்குச் சென்று கேட்போம். பற்றுச்சீட்டு கேட்டால் வியாபாரி தந்தே ஆகவேண்டும். நியாயம் கிடைக்காவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிடுவோம். பற்றுச்சீட்டின் பிரதியை இணைத்து, மூலத்தை நம்மிடமே வைத்துக்கொள்வோம். விசாரணையில் குற்றம் உறுதியானால், பொருளை மாற்றித் தரவோ, பணத்தைத் திருப்பித் தரவோ, நட்டஈடு வழங்கவோ அதிகாரசபை கட்டளையிடலாம். அதற்கும் பணியாத வியாபாரி நீதவான் நீதிமன்றத்தில் பதில் சொல்ல நேரிடும்.

குறித்த விலைக்கு மேல் விற்றால், காலாவதியான பொருளைத் தந்தால், 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். கெட்டுப்போன உணவு என்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் சொல்லலாம்.

முக்கியமான ஒன்று: பழுதான பொருள் பற்றிய முறைப்பாட்டை, வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் கொடுக்க வேண்டும். தீபாவளி முற்பணத்தில் வாங்கிய பொருளுக்கு, அந்தக் கடன் சம்பளத்தில் கழிந்து முடியும் முன்பே தவணை போய்விடலாம். பொருள் மூலையில் கிடக்கும். கழிவு மட்டும் தொடரும். எனவே "நாளைக்கு வாங்க" என்று கடைக்காரர் இழுத்தடிக்க இடம் கொடுக்க வேண்டாம்.

சிங்களம் தெரியாதே என்ற தயக்கமும் வேண்டாம். 1987இன் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழியானது. முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதலாம். எழுதத் தெரியாத அம்மாமாருக்கும் தாத்தாமாருக்கும் நமது படித்த பிள்ளைகள் எழுதிக் கொடுக்கட்டும். தோட்டத் தலைவர்மார் துணை நிற்கட்டும்.

வியர்வை சிந்திச் சம்பாதித்த பணம் இது. சம்பளத்துக்காகக் குரல் கொடுக்கும் நாம், அந்தச் சம்பளம் கடையில் களவு போகாமலும் பார்த்துக்கொள்வோம்.