பையை யார் தூக்குவது?

வெளியூர்ப் பிரயாணம் என்றால் வீட்டில் எல்லோருக்கும் குதூகலம்தான். ஒருத்திக்கு மட்டும் அது இடம் மாறிய வேலை! புளியோதரை கிளறுவதிலிருந்து குழந்தையின் ஈரத் துண்டைத் தேடுவது வரை எல்லாம் அவள் பொறுப்பு. ஊர் திரும்பியதும் பக்கத்து வீட்டு மாமி, "என்னவெல்லாம் பார்த்தாய்?" என்று கேட்டால், "பையைப் பார்த்துக் கொண்டேன்" என்றுதான் பாவம் அவளால் சொல்ல முடிகிறது.

அப்படிப்பட்ட சகோதரிகளுக்காகவே இந்த வாரம் ஓர் ஊரைச் சிபாரிசு செய்கிறேன்: திருச்சி. வெள்ளிக்கிழமை இரவு எழும்பூரில் ரயில் ஏறினால் விடியற்காலையில் ஊர் வந்துவிடும். சனி, ஞாயிறு இரண்டு நாளும் காவேரிதான் நமக்கு வழிகாட்டி.

முதலில், வெயில் ஏறுவதற்குள் மலைக்கோட்டை. 83 மீட்டர் உயரம். பாதி வழியில் தாயுமானவர் சந்நிதி. அந்தக் கதையைக் குழந்தைகளுக்குச் சொல்லாமல் மேலே ஏறாதீர்கள். நிறைமாதக் கர்ப்பிணியான ரத்னாவதி தாயின் வரவுக்குக் காத்திருந்தாள். தாயோ காவேரியில் வெள்ளம் வந்து அக்கரையிலேயே தவித்து நின்றாள். வலி கண்டதும் சிவபெருமானே அவள் தாயின் உருவில் வந்து பிரசவம் பார்த்தார். வெள்ளம் வடிந்து உண்மைத் தாய் ஓடி வந்தபோது வீட்டில் இரண்டு தாய்மார்! சுகப்பிரசவத்துக்கு வேண்டிக்கொண்டு பெண்கள் இன்றும் இங்கே வாழைத்தார் சமர்ப்பிக்கிறார்கள். கடவுளே தாய் வேலை பார்த்த ஊரில், கணவன்மார் இரண்டு நாள் பையைத் தூக்கினால் கௌரவம் குறைந்துவிடாது அல்லவா?

உச்சிப் பிள்ளையாரிடம் போகும் வழியில் மகேந்திரவர்ம பல்லவனின் குகைக் கோயிலிலும் சற்று நில்லுங்கள். ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அங்குள்ள கல்வெட்டில் ஒரு வேடிக்கையான கற்பனை இருக்கிறது. நதிகளிடம் பிரியமுள்ள சிவபெருமான் காவேரியைக் கண்டால் மனம் பறிகொடுத்துவிடுவாரோ என்று பார்வதிக்குப் பயமாம். அதனால் பிறந்தகத்தை விட்டு இந்த மலையிலேயே குடிவந்துவிட்டாளாம்! குடும்பக் கவலைகள் எவ்வளவு பழசு பாருங்கள்.

மாலையில் ஸ்ரீரங்கம். காவேரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இது ஒரு தீவு. ஏழு பிராகாரங்களில் வெளிப் பிராகாரங்கள் வீடும் கடையுமாக வாழும் தெருக்கள். 236 அடி ராஜகோபுரம் பூர்த்தியானது 1987-ல்தான் என்பதைக் கேட்டால் பாட்டிகூட ஆச்சரியப்படுவாள்.

ஞாயிறு காலை முக்கொம்பு. காவேரியிலிருந்து கொள்ளிடம் பிரியும் இடம். கொள்ளிடம் தாழ்வாக ஓடுவதால் தண்ணீர் அந்தப் பக்கமே சாய்ந்து, தஞ்சை வயல்கள் வாடின. அதைத் தடுக்கத்தான் 1836-ல் ஆர்தர் காட்டன் இங்கே அணை கட்டத் தொடங்கினார். 2018 ஆகஸ்டில் வெள்ளத்தில் அதன் ஒன்பது மதகுகள் உடைந்தன. பிறகு புதிய கதவணை கட்டினார்கள். காவேரி அமைதியாகத் தெரிந்தாலும் நம்பக் கூடாது. மணலுக்கு அடியில் பள்ளம் இருக்கும். குழந்தைகளின் கையை விடவே விடாதீர்கள்.

உச்சிவேளைக்குத் திருவானைக்காவல் போய்ச் சேர்ந்தால், அர்ச்சகர் புடவை உடுத்தி, அம்பிகையாகவே பாவித்துக்கொண்டு, ஈசனுக்குப் பூஜை செய்வதைக் காணலாம்.

ஒன்று ஞாபகம் இருக்கட்டும்: கோடையில் போனால் ஆற்றில் மணலைத்தான் பார்க்கலாம். மேட்டூர் அணை திறந்து தண்ணீர் வந்த பிறகு போங்கள். ஆடிப் பெருக்கன்று அழகு அதிகம். நெரிசல் அதைவிட அதிகம்.

சாயங்காலம் ரயிலுக்குப் புறப்படும் முன் ஒரு மணி நேரம் மிச்சம் வையுங்கள். அந்த நேரத்தில் வேறு எந்த இடமும் பார்க்க வேண்டாம். அம்மா மண்டபத்துப் படியில் வீட்டுக்காரியை உட்கார வைத்துவிட்டு, குழந்தைகளை அப்பா அழைத்துக்கொண்டு போகட்டும். பையையும் சேர்த்துத்தான்!