லடாக் பைக் டிரிப்: கிலோமீட்டரை விடுங்க, தூங்குற உயரத்தைப் பாருங்க!

மே மாதம் பிறந்தால் போதும், ஆபீஸ் கேன்டீன்களில் ஒரு பேச்சு ஆரம்பித்துவிடும். "மச்சான், இந்த வருஷம் லடாக் அடிச்சே ஆகணும்!" அடுத்த பத்தாவது நிமிடம் வாட்ஸ்அப் குரூப் ரெடி. டி.பி.யாக '3 இடியட்ஸ்' க்ளைமாக்ஸில் வரும் பாங்காங் ஏரி. பிறகு ஒருவர் மேப்பைத் திறப்பார். மணாலியிலிருந்து லே சுமார் 430 கி.மீ. "அட, சென்னையிலிருந்து மதுரை போற தூரம்தானே... ரெண்டு நாள் போதும்!"

பிளான் சொதப்புவது இந்த இடத்தில்தான். எந்த பைக், எந்த ஜாக்கெட், எந்த கேமரா என்று மாதக்கணக்கில் பேசுபவர்கள், "எந்த ராத்திரி எந்த உயரத்தில் படுக்கப்போகிறோம்?" என்று மட்டும் கேட்டுக்கொள்வதில்லை. மலையில் உயிரைக் காப்பாற்றும் கேள்வி அதுதான்.

நம்ம தொட்டபெட்டா 2,637 மீட்டர். லே நகரம் இருப்பதே சுமார் 3,500 மீட்டரில். அந்த உயரத்தில், சென்னையில் ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜனில் மூன்றில் இரண்டு பங்குதான் கிடைக்கும். மணாலி சாலையில் லேவுக்கு முன்னால் வரும் தாங்லாங் லா கணவாய் 5,300 மீட்டருக்கு மேல். அங்கே பாதிதான். (பெயருக்குப் பின்னால் வரும் 'லா' என்றால் கணவாய்.) உடம்பு இதற்குப் பழகிக்கொள்ளும், ஆனால் நாள் எடுக்கும். 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, தூங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் ஏற்ற வேண்டாம் என்பதுதான் மலை மருத்துவத்தில் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. பகலில் கணவாய் ஏறி இறங்கலாம். ராத்திரி எங்கே படுக்கிறோம் என்பதுதான் விஷயம்.

இப்போது அந்த ரெண்டு நாள் பிளானைப் பாருங்கள். மணாலி 2,050 மீட்டர். முதல் ராத்திரி தங்குவதாகப் பலரும் போடும் இடம் சர்ச்சு, சுமார் 4,300 மீட்டர். காலையில் மணாலியில் டீ, ராத்திரி 2,200 மீட்டர் மேலே ஒரு டென்டில் தூக்கம். தூக்கம் எங்கே வரும்... தலைவலிதான் வரும்! அதைவிடப் பெரிய சிக்கல், சர்ச்சு இரண்டு கணவாய்களுக்கு நடுவில் இருக்கிறது. ஒரு பக்கம் பாராலாச்சா லா, சுமார் 4,890 மீட்டர். இன்னொரு பக்கம் 5,000 மீட்டரைத் தாண்டும் லாச்சுங் லா. உடம்பு சரியில்லை, கீழே இறங்கணும் என்றால், முதலில் மேலே ஏறித்தான் இறங்க முடியும். நடு ராத்திரியில் யார் ஓட்டுவது?

அதனால் ரூட்டைத் திருப்பிப் போடுங்கள். ஸ்ரீநகர் வழியாக ஏறி, மணாலி வழியாக இறங்குங்கள். ஸ்ரீநகர் சுமார் 1,600 மீட்டர், அடுத்த ராத்திரி கார்கிலில் சுமார் 2,700, அதற்கடுத்து லே. நடுவில் ஸோஜி லா, ஃபோட்டு லா என்று கணவாய்கள் வந்தாலும், படுக்கும் இடம் படிப்படியாக ஏறுகிறது. லே போனதும் இரண்டு நாள் சும்மா இருங்கள். மார்க்கெட்டில் நடந்து, துக்பா சாப்பிட்டு, நிறையத் தண்ணீர் குடித்து, தூங்குங்கள். "இவ்ளோ தூரம் வந்து ரூமிலேயே படுப்பதா?" என்று குரூப்பில் ஒருவர் கட்டாயம் கேட்பார். அவரையும் படுக்கச் சொல்லுங்கள். இந்த ஓய்வுக்குப் பிறகுதான் கர்துங் லா, நூப்ரா, பாங்காங் எல்லாம். ஊர் திரும்பும்போது சர்ச்சுவில் தங்கினாலும், பல நாள் பழகிய உடம்பு என்பதால் சிரமம் குறைவாகவே இருக்கும்.

மணாலி பக்கமிருந்துதான் ஏற முடியும் என்றால், கேலாங்கிலோ ஜிஸ்பாவிலோ இரண்டு ராத்திரி தங்குங்கள். 2020-ல் திறந்த அடல் சுரங்கப்பாதை வந்த பிறகு ரோத்தாங் கணவாய் ஏறாமலே அந்தப் பக்கம் போய்விடலாம். வசதிதான். ஆனால், சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிட்டோமே, இன்னும் கொஞ்சம் மேலே போவோம் என்ற ஆசையையும் அது கூடவே கொடுக்கிறது!

தலைவலியோடு குமட்டல், தலைச்சுற்றல், அசதி வந்தால் அதற்கு மேல் ஏறக் கூடாது. அங்கேயே நிற்க வேண்டும். குறையவில்லையா, இறங்க வேண்டும். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, பேச்சு குழறினாலோ, குதிகாலும் விரலும் ஒட்டினாற்போல அடிமேல் அடி வைத்து நேர்க்கோட்டில் நடக்க முடியாமல் தடுமாறினாலோ, விடியும்வரை காத்திருக்கக் கூடாது. ஆக்சிஜன், டாக்டர், உடனடி இறக்கம். தடுமாறுகிறவரைத் தனியாக ஓட்டவிடாதீர்கள். மருந்துக்கடையில் தானாக வாங்கிப் போட்டுக்கொள்ளும் 'மலை மாத்திரை' வேண்டாம். அசிட்டஸோலமைடு எல்லோருக்கும் ஒத்துவராது. சல்ஃபா அலர்ஜி இருப்பவர்கள் கட்டாயம் டாக்டரிடம் சொல்ல வேண்டும். முதல் சில நாள்கள் சரக்குக்கும் தூக்க மாத்திரைக்கும் நோ. ஜிம் பாடி, 22 வயசு எல்லாம் இதில் செல்லாது. தினமும் பத்து கி.மீ. ஓடுகிறவர் படுத்துவிடுவார், தொப்பை போட்ட அங்கிள் ஜாலியாக போட்டோ எடுத்துக்கொண்டிருப்பார்.

பைக்கைப் பற்றி அதிகம் கவலை வேண்டாம். 150 சி.சி. வண்டிகளே போய்வருகின்றன. உயரத்தில் என்ஜினுக்கும் மூச்சு முட்டும், இழுவை குறையும், அவ்வளவுதான். கிளட்ச் கேபிள், டியூப், பஞ்சர் கிட் எடுத்துக்கொண்டு, பஞ்சர் போட ஊரிலேயே ஒருமுறை பழகிக்கொள்ளுங்கள். கேலாங்குக்கு முன்னால் தாந்தியில் ஒரு பெட்ரோல் பங்க். 'அடுத்த பங்க் 365 கி.மீ.' என்ற அதன் போர்டு ரைடர்களிடம் ரொம்பப் பிரபலம். உங்கள் டேங்க் 13 லிட்டர், மைலேஜ் 30 என்றால் கணக்கு 390 கி.மீ. காட்டும். மலையில் அந்த மைலேஜை நம்பாதீர்கள். ஐந்து லிட்டர் கேன் கூடவே இருக்கட்டும்.

ஓடைகளைக் காலையிலேயே கடந்துவிடுங்கள். வெயில் ஏற ஏறப் பனி உருகி, காலையில் கணுக்காலளவு ஓடிய தண்ணீர் மதியத்துக்கு மேல் முழங்காலைத் தொடும். 'பாகல் நாலா', அதாவது பைத்தியக்கார ஓடை என்றே பெயர் வைத்திருக்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

லீவ் எத்தனை நாள்? சென்னையிலிருந்து டெல்லிக்கு ரயிலில் வண்டியை ஏற்றினால் போக இரண்டு நாள், வர இரண்டு நாள். (பெட்ரோலைச் சொட்டு விடாமல் வடித்துவிட்டுத்தான் ஏற்றுவார்கள். ஆர்.சி., இன்ஷூரன்ஸ் நகல் கையில் வேண்டும்.) டெல்லியிலிருந்து ஸ்ரீநகர், லே, ஓய்வு, சுற்றல், மணாலி, மறுபடி டெல்லி என்று போட்டால் மொத்தம் 17, 18 நாள்கள். பத்து நாள் லீவில் இதைச் செய்ய நினைப்பவர்கள் வெட்டுவது எப்போதும் அந்த ஓய்வு நாள்களைத்தான். தயவுசெய்து வேண்டாம். பத்து நாள்தான் கிடைக்கும் என்றால், லேவுக்கு ஃப்ளைட்டில் போய், முதல் 48 மணி நேரம் ஓய்வெடுத்து, அங்கேயே வாடகை பைக் எடுங்கள். மணாலியிலோ ஸ்ரீநகரிலோ வாடகைக்கு எடுத்த பைக்கில் நூப்ரா, பாங்காங் சுற்ற லேயின் வாடகை பைக்காரர்கள் விடுவதில்லை. சொந்த பைக் என்றால் பிரச்னையில்லை, ஆர்.சி. உங்கள் பெயரில் இருக்கட்டும்.

மாதமா? என் ஓட்டு செப்டம்பருக்கு. ஜூலை, ஆகஸ்ட்டில் இமாச்சலில் மழை புரட்டிப்போடும். 2023 ஜூலையில் பியாஸ் வெள்ளம் குலு - மணாலி சாலையையே அரித்துக்கொண்டு போனது. எந்த மாதம் போனாலும், ரோடு மூடினால் உட்கார்ந்திருக்க இரண்டு நாள் உபரியாக வையுங்கள்.

இந்தப் பத்தியைப் பையனுக்கோ பெண்ணுக்கோ ஃபார்வர்டு செய்யப்போகும் அம்மா அப்பாக்களுக்கு ஒரு தகவல்: வெளிமாநில ப்ரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு வேண்டும். அதுவும் மணாலி - லே ரோட்டில் நீண்ட தூரத்துக்கு சிக்னலே இருக்காது. எனவே, கிளம்பும் முன் ஒரு பேப்பரில் தேதி, அன்று ராத்திரி தங்கும் ஊர், அதன் உயரம், போன் வருமா வராதா என்று எழுதி வாங்கி ஃபிரிட்ஜில் ஒட்டிக்கொள்ளுங்கள். 'வராது' என்று எழுதிய நாளில் பதற வேண்டாம். 2,050-க்கு அடுத்த வரியில் 4,300 என்று எழுதியிருந்தால், வண்டி ரயில் ஏறுவதற்கு முன்பே கூப்பிட்டுக் கேளுங்கள்.