எங்கள் பெட்டிக்குப் பட்டியல் உண்டு, உங்கள் பெட்டிக்கு?

பட்டாசு ஆலைக்குள் செல்போனுக்கு அனுமதி இல்லை. நானும் என் வீட்டுக்காரியும் சிவகாசிப் பக்கம் ஓர் ஆலையில் வேலை பார்க்கிறோம். நான் போர்மேன், அவள் கிஃப்ட் பாக்ஸ் பேக்கிங். காலையில் கிளம்பினால் சாயங்காலம் வரை போன் வீட்டில்தான் கிடக்கும். பேங்க் கணக்கு அதில், ஓடிபி அதில், பிள்ளையின் பாடமும் அதில். 2020-ல் பள்ளிக்கூடத்தை மூடி ஆன்லைன் கிளாஸ் என்றார்கள். அன்றிலிருந்து போன் இல்லாத பிள்ளைக்குப் படிப்பு இல்லை என்றாகிவிட்டது. வீடியோ கேம் செய்கிற முதலாளிமாரே, அந்த வழியாகத்தான் நீங்கள் எங்கள் வீட்டுக்குள் வந்தீர்கள்.

மகளுக்குத் தோடு எடுக்க, சனிக்கிழமைச் சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் போட்டு வைத்திருந்த பணம் போய்விட்டது. மொத்தமாகப் போகவில்லை. ஐம்பது, எண்பது, நூறு என்று போயிருக்கிறது. பாஸ்புக்கில் என்ட்ரி போட்டபோது பக்கம் பக்கமாக ஒரே கேம் கம்பெனியின் பெயர். மகனுக்குப் பதின்மூன்று வயது. பணம் அனுப்பும் ஆப்பை எங்களுக்குப் போட்டுக் கொடுத்ததே அவன்தான். பின் நம்பர் அவனுக்குத் தெரியாமல் இருக்குமா? அந்தக் கம்பெனிக்குப் புகார் அனுப்பினோம். வாங்கியதைத் திருப்பித் தர இயலாது என்று ஆங்கிலத்தில் ஒரு பதில் வந்தது. அடியில் யார் பெயரும் இல்லை.

இவ்வளவுக்கும் அவன் என்ன வாங்கினான்? துப்பாக்கிக்கு ஒரு வர்ணம், பொம்மைக்கு ஒரு சட்டை. அதையும் நேராக விற்கவில்லை. முதலில் ரூபாயை டைமண்டாக மாற்றச் சொல்கிறார்கள். டைமண்டான பிறகு நூறு ரூபாய் நூறு ரூபாயாகத் தெரிவதில்லை. பிறகு அந்த டைமண்டைப் போட்டு ஒரு சக்கரத்தைச் சுற்றணும். சட்டை விழலாம், ஒன்றுக்கும் ஆகாத துண்டும் விழலாம். வாங்குகிற பொருளுக்கும் டாப் அப் பேக்குக்கும் கணக்கு ஒத்தே வராது. ஏழெட்டு டைமண்ட் எப்போதும் மிஞ்சி நிற்கும். அது வீணாகக் கூடாது என்று இன்னொரு டாப் அப். ஈவென்ட் முடிய இத்தனை மணி நேரம்தான் என்று மேலே கடிகாரம் ஓடும். சும்மா கிடைக்கிற சட்டையோடு ஆடுகிற பிள்ளையை மற்ற பிள்ளைகள் 'நூப்', அதாவது ஆடத் தெரியாதவன், என்று கேலி பண்ணும். "இன்னும் ஒரே ஒரு ஸ்பின்தான்ப்பா, இந்தத் தடவை விழுந்துரும்" என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னான். அந்த நம்பிக்கையை அவனுக்குள் வைத்தது யார்?

என் வீட்டுக்காரி அடைக்கிற கிஃப்ட் பாக்ஸ் மூடியில் உள்ளே என்ன இருக்கிறது என்று பட்டியல் அச்சடித்திருக்கும். 21 ஐட்டம் என்றால் 21-ம் இருக்கணும். ஒரு மத்தாப்புப் பாக்கெட் குறைந்தால் கடைக்காரர் சண்டைக்கு வருவார். நீங்கள் விற்கிற பெட்டியில் என்ன இருக்கிறது? நல்லது விழுவது நூற்றில் எத்தனை தடவை? சொன்னாலும், எங்கள் பிள்ளை தேடாத மூலையில், எங்கள் வீட்டில் யாரும் படிக்காத மொழியில் சொல்கிறீர்கள்.

எங்களுக்கு எத்தனை சட்டம் தெரியுமா? ஓர் அறைக்கு நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது. வெடியின் சத்தம் நாலு மீட்டரில் 125 டெசிபலைத் தாண்டக் கூடாது. 2018-ல் உச்ச நீதிமன்றம் சரவெடியைத் தடுத்தது, பேரிய உப்பு சேர்ப்பதைத் தடுத்தது. தமிழ்நாட்டில் தீபாவளிக்கு வெடி வெடிக்கக் காலையில் ஒரு மணி நேரம், ராத்திரி ஒரு மணி நேரம். இது உயிர் போகிற தொழில்; 2012-ல் முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை விபத்தில் செத்தவர்களை இந்த ஊர் மறக்காது. கட்டுப்பாடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விபத்து நடந்தால் முதலில் கைதாகிறவர்களில் போர்மேனும் ஒருவன். உங்கள் ஆட்டத்தால் ஒரு வீடு கெட்டால் யாரைக் கைது செய்வது?

1996-ல் எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்டணும் என்றது. சிவகாசித் தீப்பெட்டி, பட்டாசு ஆலைகளைப் பற்றி வந்த தீர்ப்பு அது. மருந்து தொட்ட பிஞ்சுக் கைகளை அப்படித்தான் மீட்டார்கள். அதே ஊர்ப் பிஞ்சு விரல்கள் இப்போது உங்களுக்குச் சம்பாதித்துக் கொடுக்கின்றன. உங்களுக்கு எவ்வளவு அபராதம்?

சட்டம் வரவில்லையா என்பார்கள். வந்தது. ஆன்லைன் ரம்மியில் கடன்பட்டு உயிரை விட்டவர்களுக்குப் பிறகு, 2022-ல் முன்னாள் நீதிபதி சந்துரு தலைமையில் குழு போட்டார்கள்; 2023 ஏப்ரலில் தமிழ்நாட்டுச் சட்டம் அமலானது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்தது. ஆனால் சட்டத்தின் கண் பணம் கட்டிப் பணம் எதிர்பார்க்கிற ஆட்டத்தின் மேல்தான். ஜெயித்தால் காசு வரும் என்கிற ஆட்டத்துக்குத் தடை. போட்ட காசு எந்தக் காலத்திலும் திரும்பாத சக்கரம் இன்றும் பிள்ளை கையில் சுற்றுகிறது. இது என்ன நியாயம்?

"பெத்தவங்க பாத்துக்கணும்" என்று மட்டும் சொல்லாதீர்கள். சம்பளத்துக்கு ஆள் வைத்து, பிள்ளை எந்த இடத்தில் தடுமாறும் என்று கணக்குப் போட்டுச் செய்த வலை இது. அதற்கு எதிரே, நாளெல்லாம் மருந்துத் தூசியில் நின்றுவிட்டு வருகிற தாய் தகப்பனை நிறுத்துகிறீர்கள்.

செய்ய முடியாததையா கேட்கிறோம்? சிதறிய பொருட்களைச் சேர்த்தால் பெரிய பரிசு என்று ஆசை காட்டும் முறையை ஜப்பான் 2012-லேயே நிறுத்த வைத்தது. காசு கொடுத்துத் திறக்கும் அதிர்ஷ்டப் பெட்டியை 2018-ல் பெல்ஜியம் சூதாட்டம் என்றது. ஃபோர்ட்நைட் விளையாட்டில் ஆட்களைக் குழப்பிக் காசு வாங்கியதற்காக எபிக் கேம்ஸ் 24.5 கோடி டாலர் திருப்பித் தரணும் என்று 2022-ல் அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் அறிவித்தது. அமெரிக்கப் பிள்ளையின் காசு காசு, எங்கள் பிள்ளையின் காசு தூசியா?

விளையாட்டு வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு விலை சொல்லி விற்றால், முடிந்தவன் வாங்கி ஆடட்டும். விலையை ரூபாயில் போடுங்கள். எது எத்தனை தடவைக்கு ஒருமுறை விழும் என்பதைப் பொத்தானுக்குப் பக்கத்திலேயே தமிழில் எழுதுங்கள். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குச் சக்கரமே கூடாது. பிள்ளையிடம் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க, இந்தியாவில் பெயரும் முகவரியும் உள்ள ஓர் ஆள் பொறுப்பேற்கட்டும்.

சட்டம் எழுதுகிறவர்களே, என்ன விழும் என்று சொல்லாமல் பிள்ளையிடம் காசு வாங்குவதற்குப் பெயர் சூது. அந்தப் பெயரிலேயே சட்டத்தில் எழுதுங்கள்.