மலைநாட்டு இளைஞருக்குப் பாய்மரக் கல்வி வேண்டும்

ஊவா மாகாணத்துக்குக் கடற்கரை இல்லை. பதுளை நகரில் நின்று எத்திசை நோக்கினும் மலையே தோன்றும். இத்தகைய நாட்டிலே தோட்டப் பிள்ளைகளுக்குப் பாய்மரப் படகு செலுத்தக் கற்பிக்க வேண்டும் என்று நாம் எழுதினால், எழுதியவருக்குச் சித்தம் கலங்கிற்றோ என்று அன்பர் சிலர் ஐயுறக்கூடும். ஐயுறட்டும். முழுவதும் படித்த பின்னர் தீர்ப்புக் கூறுவார்களாக.

மலையக மக்களுக்கும் கப்பலுக்கும் உள்ள உறவு கசப்பானது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே அவர்தம் முன்னோர் தமிழகத்துக் கரைகளிலிருந்து தோணிகளில் அடைக்கப்பட்டு வந்தனர். 1864இல் ஆதிலட்சுமி என்னும் கலம் நூற்றுக்கு மேற்பட்ட தொழிலாளரோடு கடலில் ஆழ்ந்த கதையை மலையக வரலாற்று நூல்கள் இன்றும் கண்ணீரோடு கூறும். 1948இல் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கியது. அந்நாளில் வடபுலத்துத் தலைவர் சிலர் வாளாவிருந்ததையும் நாம் மறப்பதற்கில்லை. 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று கணக்கிட்டது. மீண்டும் தலைமன்னார், மீண்டும் கப்பல்! ஏற்றப்பட்டனர், இறக்கப்பட்டனர். இத்தனை கடற்பயணத்திலும் சுக்கானில் கைவைத்தவர் அவர்களுள் ஒருவரேனும் உண்டோ? அவர்கள் பறித்த தேயிலையும் பெட்டியிலே கடல் கடந்தது. அவர்களும் ஏறக்குறைய அவ்வாறே கடந்தனர்.

மலையிலே மாலுமியை உருவாக்குவது இயலாத காரியம் என்போர் தியத்தலாவையை நினைத்துப் பார்க்கட்டும். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரித்தானியக் கடற்படை அங்கு அமைத்திருந்த ஓய்வு முகாமுக்குக் கப்பலுக்குரிய முறையில் 'ஊவா' என்றே பெயர் சூட்டியிருந்தது. பின்னர் 1950களில் இலங்கைக் கடற்படை அவ்விடத்திலேயே 'ரங்கல்ல' என்ற பெயரில் புதிய மாலுமிகளைப் பழக்கிற்று. சுற்றிலும் தேயிலைத் தோட்டம். நடுவிலே கடற்படைப் பள்ளி! குடியுரிமை இல்லாதோர் அரசுப் பணியை எண்ணவும் இயலாத காலம் அது. ஆகவே வேலிக்கு அப்பால் கொழுந்து பறித்தவரின் பிள்ளைக்கு அந்தக் கதவு திறக்க வழியேயில்லை. 2003ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் குடியுரிமைத் தடை நீங்கிற்று. பயிற்சிதான் இன்னும் வந்து சேரவில்லை.

கடலற்ற ஊர்களில் இக்கலை வளர்ந்த வரலாறு அயலிலேயே உண்டு. ஐதராபாத்தில் பதினாறாம் நூற்றாண்டில் வெட்டப்பட்ட உசேன் சாகர் ஏரியிலே, 2009இல் தொடங்கப்பட்ட பாய்ப்படகுச் சங்கம் ஏழைப் பிள்ளைகளை அழைத்துப் பயிற்றி வருகிறது. போபால் நகரத்துப் பெரிய ஏரியில் ஒரு தேசியப் பாய்மரப் பள்ளி இயங்குகிறது. அங்குப் பயின்ற நேகா தாக்கூர், தேவாஸ் மாவட்டத்துச் சிற்றூரில் பிறந்த உழவர் மகள். 2023இல் ஹாங்சோ நகரில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் வெள்ளிப் பதக்கம் வென்றார். அதே போட்டியில் வெண்கலம் பெற்ற விஷ்ணு சரவணன் வேலூரிற் பிறந்தவர். வேலூருக்கு எந்தக் கடல் உண்டு? சென்னையின் நேத்ரா குமணன், ஒலிம்பிக் பாய்மரப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண்மணி ஆவார்.

நமக்கு நீர் இல்லையா? பதுளை மாவட்டத்திலேயே, மகியங்கனைக்கு அருகில், பழம்பெருமை வாய்ந்த சொரபொர வாவி கிடக்கிறது. மகாவலித் திட்டத்தால் எழுந்த உல்கிட்டிய, ரத்கிந்த நீர்த்தேக்கங்களும் அப்பக்கமே. வாவி நீர் வயலுக்கு உரியதாயிற்றே என்று உழவர் பெருமக்கள் கவலையுற வேண்டியதில்லை. பாய்ப்படகு ஒரு செம்பு நீரையும் குடிப்பதில்லை, ஒரு துளி எண்ணெயையும் சிந்துவதில்லை. காற்றையோ கேட்கவே வேண்டாம். ஆடி முதல் புரட்டாசி வரை வீசி ஊவாத் தேயிலைக்கு உலகப் புகழ் ஈட்டித்தரும் அந்த வறண்ட கச்சான் ஒரு பாயையும் நிரப்பாதா?

சிறுவர் பயிலும் 'ஆப்டிமிஸ்ட்' என்னும் படகு 1947இல் அமெரிக்க நாட்டுக் கிளார்க் மில்ஸ் வகுத்தது. நீளம் எட்டடிக்கும் குறைவு. எடை 35 கிலோ. இரண்டு ஒட்டுப்பலகைத் தகடுகளைக் கொண்டு வீட்டு முற்றத்திலே செய்துகொள்ளலாம் என்பதே அவர் நோக்கம். பசறையிலும் ஹாலிஎலையிலும் உள்ள நம் தச்சருக்கு இது மலைப்பான வேலையன்று.

முதற் பாடம் நீச்சல். அடுத்தது கவிழ்ந்த படகை நிமிர்த்தல். மிதவைச் சட்டை அணியாத பிள்ளை படகில் ஏறலாகாது. 2021ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஏறக்குறைய மூன்று இலட்சம் பேர் நீரில் மூழ்கி மாண்டனர் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. மலையருவியில் குளிக்கப்போன இளைஞரைப் பிணமாகத் தூக்கி வந்த துயரம் மலைநாட்டு ஊர்களுக்குப் புதியதன்று. ஆகவே படகோட்டம் எவனுக்கும் பிடிக்காமற் போயினும், நீச்சல் எஞ்சும்.

அதன்பின் வருவதே உண்மையான கல்வி. எதிர்க்காற்றை நேர்முகமாகப் பிளந்து எந்தப் பாய்ப்படகும் செல்லாது. காற்றுக்கு ஏறத்தாழ 45 பாகை விலகி ஒருபுறம் ஓடி, திரும்பி, மறுபுறம் ஓடி, இவ்வாறு வளைந்து வளைந்தே முன்னேற வேண்டும். படகின் அடியில் இறங்கும் பலகை அதனைப் பக்கவாட்டில் அடித்துச் செல்லாமல் தடுக்கும். கன்னத்தில் படும் காற்றைக் கொண்டே அதன் திசையைக் கணிக்கும் சிறுமிக்குப் பௌதிகமும் கேத்திரகணிதமும் கரும்பலகையில் மட்டும் கிடந்த பாடங்களாக இரா. எட்டடிப் படகில் அவளுக்குக் கங்காணியும் இல்லை, துரையும் இல்லை. திருப்பும் கணத்தை அவளே தீர்மானிக்க வேண்டும்.

"லயத்துக் கூரை ஒழுகுகிறது, 2014இல் மீரியபெத்தையில் மண் சரிந்து குடிகளை விழுங்கிற்று, இப்போது படகா முக்கியம்?" என்று வினவுவோர் உண்டு. நியாயமான வினா. வீடும் காணியும் முதலில் வேண்டும் என்பதில் நமக்கு இரண்டாம் கருத்து இல்லை. அதற்கான பணத்தில் ஒரு சதத்தையும் நாம் கேட்கவில்லை. ஆயினும் கூரை வேயும் வரையில் விளையாட்டும் வேண்டாம், சங்கீதமும் வேண்டாம் என்று இருநூறு ஆண்டுகளாகச் சொல்லி வந்தோமே, கூரை வேயப்பட்டதா? பணக்காரப் பிள்ளைகளுக்குக் கொழும்பிலும் பொல்கொடையிலும் சங்கங்கள் இருக்கின்றன. ஏழைப் பிள்ளையின் முறை வரும்போது மட்டும் நமக்குச் சிக்கனம் நினைவுக்கு வருகிறது.

ஆசிரியர் எங்கே? வல்வெட்டித்துறையில் 1930இல் கட்டிய அன்னபூரணியை, தமிழ் மாலுமிகள் 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் வரை செலுத்திச் சென்றனர். அணியம், பருமல், சோழகம், வாடை என்று அத்தொழிலின் சொல்லெல்லாம் தமிழிலேயே உள்ளன. அக்கரையோரத்துத் தண்டயல்மாரின் வழிவந்தோர் பருவத்துக்கு ஒருமுறை ஊவாவுக்கு வந்து கற்பித்தால், வடக்கு மலைநாட்டுக்குப் பட்டுள்ள பழைய கடனில் சிறு பங்கேனும் தீரும். கடற்படையும் பயிற்றுநர் இருவரை அனுப்பலாம். மகியங்கனைச் சிங்கள உழவர் பிள்ளைகளும் அதே படகில் ஏறட்டும்.

மாகாணக் கல்வி, விளையாட்டு அமைச்சுகளிடம் நாம் கேட்பது ஆறு படகுகளும், ஒரு வண்டியும், வாவிக்கரையில் ஒரு கொட்டகையுமே. நீர்ப்பாசனத் திணைக்களம் நீர்மட்டத்தையும் முதலை நடமாட்டத்தையும் ஆராய்ந்து இடத்தைக் குறித்துத் தர வேண்டும். தொடக்கப் பாடத்துக்கு மாசி, பங்குனி மென்காற்றே ஏற்றது. கச்சான் தேர்ந்தவர்க்கு உரியது. அப்படியானால் ஒட்டுப்பலகை மார்கழிக்குள் வாங்கியாக வேண்டும்.