தண்டவாளம் போனாலும் தடம் போகக் கூடாது

கடற்கரை ஊர்களின் போக்குவரத்துச் சிக்கல் தனி ரகம். ஒரு பக்கம் முழுக்கக் கடல் என்பதால், வருகிற வண்டியெல்லாம் மீதிப் பக்கத்தில் இருக்கும் இரண்டொரு சாலைகளில்தான் வந்து நெருக்க வேண்டும். இங்கிலாந்தின் வட யார்க்‌ஷயர் கரையில் இருக்கும் விட்பி அப்படிப்பட்ட ஊர். கேப்டன் குக் கப்பல் தொழில் பழகியது அங்கே. அவருடைய 'எண்டவர்' கப்பல் கட்டப்பட்டதும் அங்கே. கதையில் டிராகுலா கரையிறங்குவதும் அங்கேதான். ஆக, கோடையில் கூட்டத்துக்குக் குறைவில்லை. தெற்கே இன்னொரு கடற்கரை ஊரான ஸ்கார்பரோவுக்குப் போகும் நெடுஞ்சாலையில், மலைச்சரிவின் ஏற்ற இறக்கங்களில், கார்களுக்கு நடுவே சைக்கிள் ஓட்டத் தனித் துணிச்சல் வேண்டும்.

ஆனால் அந்த இரண்டு ஊர்களுக்கும் இடையே, கடலை ஒட்டினாற்போல், ஏறக்குறைய 35 கிலோமீட்டருக்கு மோட்டார் வண்டியின் தொல்லை இல்லாத இன்னொரு வழி இருக்கிறது. பெயர் 'சிண்டர் டிராக்'. 1885 முதல் 1965 வரை அது ரயில் பாதை. நட்டத்தில் ஓடும் பாதைகளையெல்லாம் மூடிவிடலாம் என்று 1963இல் பிரிட்டிஷ் ரயில்வேயின் தலைவர் டாக்டர் பீச்சிங் கொடுத்த அறிக்கை பிரிட்டன் முழுவதும் சுமார் 5,000 மைல் தடத்துக்கும் 2,363 நிலையங்களுக்கும் நாள் குறித்தது. விட்பி-ஸ்கார்பரோ பாதையும் அந்தப் பட்டியலில் போனது. தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துப்போனார்கள். தடத்தை உள்ளூர் நகர மன்றம் பிற்பாடு வாங்கி, நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் குதிரை ஏறிப் போகவும் திறந்துவிட்டது.

ரயில் தடம் சைக்கிளுக்கு இவ்வளவு தோதாக அமைவதில் வியப்பில்லை. ரயிலுக்குச் செங்குத்தான ஏற்றம் ஆகாது. மேட்டை வெட்டி, பள்ளத்தை நிரப்பி, வளைவை நீட்டித்தான் பாதை போடுவார்கள். அந்த உழைப்பின் பலன் நூறு வருடம் கழித்து சைக்கிள் மிதிக்கிறவரின் முழங்காலுக்குக் கிடைக்கிறது. இந்தப் பாதையிலேயே மிகக் கடுமையான ஏற்றம் ரேவன்ஸ்கார் மேட்டுக்குப் போவது; 39 மீட்டருக்கு ஒரு மீட்டர் உயரும். ரயிலுக்கு அது பெரும் சோதனை. ஈரம் படிந்த நாளில் சக்கரம் சறுக்கி இன்ஜின் திணறும். பள்ளிப் பையனோ அதே ஏற்றத்தை மூச்சு வாங்கினாலும் இறங்காமல் மிதித்துவிடுவான். (ரேவன்ஸ்காரே ஒரு வேடிக்கை. இன்னொரு ஸ்கார்பரோ வரப்போகிறது என்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஒரு நிறுவனம் அங்கே தெரு போட்டு, சாக்கடை வெட்டி, மனைகளை விற்கப் பார்த்தது. கடற்கரைக்கு இறங்கச் செங்குத்துப் பாறை என்பதை வாங்க வந்தவர்கள் கண்டுகொண்டார்கள். நிறுவனம் திவாலானது. வீடு வராத தெருக்கள் இன்றும் கிடக்கின்றன.)

விட்பி முனையில் எஸ்க் ஆற்றுக்கு மேலே லார்ப்பூல் பாலம் நிற்கிறது. பதின்மூன்று வளைவுகள், சுமார் 50 லட்சம் செங்கல். சைக்கிள் போவதற்காக இப்படி ஒரு பாலம் கட்டித் தாருங்கள் என்று எந்த அரசிடமும் இன்று கேட்க முடியாது, கேட்டால் சிரிப்பார்கள். ஏற்கெனவே இருந்ததை இடிக்காமல் விட்டதால் கிடைத்தது அது. இந்தப் பாதையின் கதையில் நமக்கு முக்கியமானது இதுதான். வண்டி நுழையாத வழி என்றதும் பெயின்ட், பலகை, கான்கிரீட் என்று நினைக்கிறோம். அவற்றுக்கெல்லாம் முன்பாக வேண்டியது, ஊரிலிருந்து ஊருக்கு அறுபடாமல் நீளும் ஒரு நாடா நிலம். அது கையில் இருந்தால் மற்றதை மெல்லச் செய்துகொள்ளலாம். இல்லையென்றால் எவ்வளவு கொட்டினாலும் வராது.

அறுந்தால் என்ன ஆகும் என்பதற்கும் அதே தடத்தில் சான்று இருக்கிறது. ஸ்கார்பரோவை ஒட்டிய ஸ்கால்பியில் பழைய தடத்தின்மேல் வீடுகள் எழும்பிவிட்டன. சைக்கிளில் வருபவர் அங்கே தடத்தை விட்டு விலகி, குடியிருப்புத் தெருக்களைச் சுற்றிக்கொண்டு மறுபடி சேர வேண்டும். சிறிய துண்டுதான். ஆனாலும் எட்டு வயதுப் பிள்ளையைத் தனியாக அனுப்பலாமா என்று யோசிக்கும் தாய், முப்பத்துநாலு கிலோமீட்டர் நன்றாக இருப்பதைப் பார்க்க மாட்டார். நன்றாக இல்லாத அந்தத் துண்டைத்தான் பார்ப்பார்.

பிரிட்டனின் தேசிய சைக்கிள் வலைப்பின்னலே இதைத் தாமதமாகத்தான் ஒப்புக்கொண்டது. 1977இல் பிரிஸ்டல் நகரில் சில ஆர்வலர்கள் தொடங்கிய இயக்கம், கைவிடப்பட்ட பிரிஸ்டல்-பாத் ரயில் தடத்தைத் தன்னார்வலர்களைக் கொண்டே சைக்கிள் பாதையாக்கியது. பிறகு சஸ்ட்ரான்ஸ் என்ற அமைப்பாக வளர்ந்து நாடு முழுவதும் பாதை குறித்தது. வரைபடத்தில் மைல் கூடிக்கொண்டே போனது. ஆனால் அதில் பெரும்பகுதி, சாதாரணச் சாலை ஓரத்தில் எண் பலகை நட்டதுதான். 2020இல் அந்த அமைப்பே தன் வலைப்பின்னலில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கை, பாதுகாப்பு போதாது என்று நீக்கியோ தரம் மாற்றியோ அறிவித்தது. தன் சாதனைக் கணக்கைத் தானே குறைத்துக்கொள்ளும் அமைப்புகள் அபூர்வம். நம் நகரங்களில் சாலையோரம் பச்சை பெயின்ட் அடித்து, மறுநாளே அதில் வேன் நிறுத்த இடம் கொடுத்துவிட்டு, 'இத்தனை கிலோமீட்டர்' என்று கணக்குக் காட்டுகிறவர்கள் கவனிக்கலாம்.

நிலம் கிடைத்துவிட்டால் சண்டை ஓய்ந்துவிடும் என்றும் இல்லை. சிண்டர் டிராக்கின் அடிமானம் கருங்கல் ஜல்லி இல்லை. நிலக்கரி எரிந்த கசடு. பல இடங்களில் மழை அரித்துச் சேறாகிவிட்டது. சில ஆண்டுகளுக்கு முன் அதை அகலப்படுத்திச் சீர்செய்யும் திட்டம் வந்தபோது உள்ளூரில் பெரிய எதிர்ப்பு. தார் போட்டால் சைக்கிள்கள் வேகமெடுக்கும், நடப்பவர் ஒதுங்க வேண்டிவரும், குதிரைக்கால் வழுக்கும், ஓரத்து மரம் செடி போய்விடும் என்றார்கள். எதிர்த்தவர்கள் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனாலும் சக்கர நாற்காலியில் வருபவருக்கும் குழந்தை வண்டி தள்ளுபவருக்கும் சேற்றுப் பாதையின் அழகால் பயன் எதுவும் இல்லை.

இதையெல்லாம் இங்கே சொல்லக் காரணம், நம்மிடமும் இப்படி ஒரு தடம் இருப்பதுதான். மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கு 1926 முதல் 1986 வரை மீட்டர்கேஜ் ரயில் ஓடியது. நீளம் சுமார் 30 கிலோமீட்டர். கிட்டத்தட்ட சிண்டர் டிராக்கின் அளவு. மன்னம்பந்தல், செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், பொறையார் வழியாகக் கடலைத் தொடும் தடம். மன்னம்பந்தலில் ஏ.வி.சி. கல்லூரி, பொறையாரில் டி.பி.எம்.எல். கல்லூரி, நடுவே வரிசையாகப் பள்ளிக்கூடங்கள். முடிவில் 1620இல் டேனியர் எழுப்பிய கோட்டை. டெல்டா என்பதால் லார்ப்பூல் போன்ற பாலமோ ரேவன்ஸ்கார் போன்ற மேடோ வேண்டாம். வாய்க்கால்களைத் தாண்டும் சிறு பாலங்கள் போதும்.

விட்பியில் அந்தப் பாதையில் போகிறவர்களில் பலர் விடுமுறைக்கு வந்தவர்கள். இங்கே அப்படி இருக்காது. தமிழ்நாட்டு அரசு 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு விலையில்லா சைக்கிள் தரத் தொடங்கி, பிறகு அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் பிளஸ் ஒன் மாணவர் அனைவருக்கும் விரிவாக்கியது. சைக்கிள் கொடுத்தாயிற்று. அதை ஓட்டிப்போக வழி? திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணத்துக்கு வரும் வேன்களுக்கும் கார்களுக்கும், ஒலிப்பானில் கைவைத்தபடியே வரும் பேருந்துகளுக்கும் இடையில் புத்தகப்பையோடு ஓரம் கட்டி ஓட்டும் பெண்ணுக்குச் சாலை என்ன இடம் விடுகிறது?

எதிர்வாதம் ஒன்று உண்டு, வலுவானது. அந்த வட்டார மக்கள் கேட்பது சைக்கிள் பாதை அல்ல, மறுபடியும் ரயில். 2020இல் தனி மாவட்டத் தலைநகரான ஊரைக் கடற்கரையோடு இணைக்க ரயில் வேண்டும் என்பது நியாயமான கோரிக்கை. சைக்கிள் பாதை என்று பேச்செடுத்தாலே, ரயில் இனி வராது என்று சொல்லும் தந்திரமோ என்ற சந்தேகம் வரும். இதற்கு அமெரிக்காவில் 1983இல் சட்டத்தின் மூலம் ஒரு வழி கண்டார்கள். ஓட்டம் நின்ற ரயில் தடத்தைத் துண்டு போடாமல் நடைபாதையாகவோ சைக்கிள் பாதையாகவோ பயன்படுத்தலாம். நாளை ரயிலுக்குத் தேவைப்பட்டால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். நாற்பது வருடம் கேட்பாரற்றுக் கிடக்கும் நிலத்துக்கு நம் ஊரில் என்ன நேரும் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. தினமும் ஐந்நூறு பிள்ளைகள் போய்வரும் தடத்தில் அவ்வளவு எளிதாக யாரும் கொட்டகை போட முடியாது. ரயில் கேட்பவர்களுக்கு இது காவல்தான்.

உண்மையான தலைவலி மோட்டார் சைக்கிள். கடலூரானாலும் குளச்சலானாலும், திறந்து கிடக்கும் எந்தப் பாதையிலும் முதலில் நுழைவது அதுதான். பிரிட்டனில் இதைத் தடுக்க வாசல்தோறும் இரும்புத் தடுப்புகளை நட்டார்கள். அவை மூன்று சக்கர சைக்கிளையும் சக்கர நாற்காலியையும் சேர்த்தே தடுத்துவிட, இப்போது பிடுங்கிக்கொண்டிருக்கிறார்கள். தடுப்பை விட ஆள் நடமாட்டம் மேல் என்பது என் எண்ணம். குறுக்குச் சாலைதோறும் டீக்கடைக்கு அனுமதி கொடுத்தால் கண் இருக்கும். அடுத்தது நிழல். யார்க்‌ஷயரில் வெயில் காய வருவார்கள். இங்கே காலை ஒன்பது மணிக்கு மேல் வெட்டவெளியில் எவரும் மிதிக்க மாட்டார்கள். தளம் போடுவதற்கு மூன்று வருடம் முன்பே இரு மருங்கிலும் புங்கனும் வேம்பும் வைத்தாக வேண்டும். பட்ஜெட்டில் மரத்துக்கு எப்போதும் கடைசி வரிதான். இங்கே அது முதல் வரியாக வேண்டும்.

முழு முப்பது கிலோமீட்டரையும் ஒரே நாளில் திறக்க வேண்டியதில்லை. ரயில்வேயும் மாவட்ட நிர்வாகமும் சேர்ந்து தடம் நெடுக அளந்து கல் நடட்டும். எந்தத் துண்டையும் தனியாகக் குத்தகைக்கு விடுவதில்லை என்று எழுத்தில் தரட்டும். பொறையாரிலிருந்து தரங்கம்பாடி வரையுள்ள சில கிலோமீட்டரை மட்டும் முதலில் சீர்செய்து, அடுத்த ஜூனில் பள்ளி திறக்கும்போது விட்டுப் பார்க்கலாம்.