நடவாத சண்டை

கடோத்கசனும் கும்பகர்ணனும் மோதிக்கொண்டால் யார் ஜயிப்பார்கள் என்று பள்ளிப் பிள்ளைகள் வாதாடுவதை நாம் பல தடவை கேட்டிருக்கிறோம். ஒருவன் துவாபர யுகம், மற்றவன் திரேதா யுகம் என்று சொல்லி அந்த வழக்கைச் சுலபமாகத் தள்ளிவிடலாம். ஆனால், இரண்டு மகா வீரர்கள் ஒரே காலத்தில், ஒரே தேசத்தில் வாழ்ந்து, ஒருவரையொருவர் எதிர்ப்பதாகக் கையெழுத்தும் போட்டுவிட்டு, கடைசிவரையில் கோதாவில் சந்திக்காமலே போனார்கள் என்றால், அதை அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிட முடியுமா? அமெரிக்காவின் குத்துச்சண்டைச் சரித்திரத்தில் ஜாக் டெம்ப்ஸி, ஹாரி வில்ஸ் என்னும் இருவருடைய கதை அத்தகையது.

டெம்ப்ஸியின் பெயரை நேயர்களில் பலர் அறிந்திருப்பார்கள். 1895-ம் வருஷம் பிறந்தவர், வெள்ளையர், வறுமையில் வளர்ந்து, சுரங்க ஊர்களில் கிடைத்த காசுக்குக் குத்துச்சண்டை போட்டு முன்னுக்கு வந்தவர். 1919 ஜூலை 4-ந் தேதி டொலிடோ நகரத்தில், ஆறரை அடி உயரமிருந்த ஜெஸ் வில்லார்டை முதல் சுற்றிலேயே ஏழு முறை தரையில் வீழ்த்தி, 'ஹெவி வெயிட்' என்று சொல்லப்படும் கனத்த தேகிகளின் பிரிவில் உலக சாம்பியன் பட்டத்தைக் கைப்பற்றினார். ஏழு வருஷ காலம் அந்தப் பட்டம் அவரிடம் இருந்தது.

ஹாரி வில்ஸ் அவரைவிட ஆறு வயது மூத்தவர். நியூ ஆர்லியன்ஸ் துறைமுகத்தில் மூட்டை தூக்கிப் பிழைத்த கறுப்பு இனத்தவர். ஆறடி இரண்டங்குல உயரமும் அதற்கேற்ற பாரமும் உடையவர். எதிரியை நெருங்கி, ஒரு கையால் அணைத்துப் பிடித்து, மற்றொரு கையால் விலாவில் குத்துவதில் அவருக்கு நிகர் இல்லை. இவ்வளவு திறமையுடைய மனிதர் தம்முடைய நல்ல வயதையெல்லாம் யாருடன் சண்டையிட்டுக் கழித்தார் தெரியுமா? தம் இனத்தவர்களுடனேயேதான். ஸாம் லாங்போர்டு என்ற ஒரே வீரருடன் மட்டும் பதினைந்து தடவைக்குக் குறையாமல் மோதியிருக்கிறார். வெள்ளை வீரர்களில் பெரும்பாலோர் கறுப்பர்களோடு கோதாவில் இறங்க மறுத்ததால், அந்தத் திறமைசாலிகள் ஒரே சிறு வட்டத்துக்குள் ஒருவரையொருவர் திரும்பத் திரும்பக் குத்திக்கொண்டு வயிறு வளர்க்க வேண்டியிருந்தது.

இந்த மறுப்புக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் 'நிறக்கோடு'. எந்தச் சட்டப் புத்தகத்திலும் அது எழுதப்படவில்லை. ஒரு வீரர், "நான் கோடு கிழித்துவிட்டேன்" என்று பத்திரிகைக்காரர்களிடம் சொல்லிவிட்டால் போதும். அதற்குமேல் காரணம் கேட்பார் இல்லை. டெம்ப்ஸியும் பட்டம் பெற்ற கையோடு அப்படியே அறிவித்ததாகப் பத்திரிகைகள் வெளியிட்டன.

கோடு எழுந்த வரலாற்றைச் சற்றுச் சொல்ல வேண்டும். 1908 டிசம்பரில், ஆஸ்திரேலியாவின் ஸிட்னி நகரத்தில், ஜாக் ஜான்ஸன் என்ற கறுப்பர் டாமி பர்ன்ஸைத் தோற்கடித்து உலக சாம்பியன் ஆனார். வெள்ளை அமெரிக்கா இதைப் பொறுக்கவில்லை. ஓய்வு பெற்றுப் பண்ணையில் இருந்த பழைய சாம்பியன் ஜெப்ரீஸை வற்புறுத்தி அழைத்துவந்து, 1910 ஜூலை 4-ந் தேதி, ரீனோ நகரில் ஜான்ஸனுக்கு எதிரே நிறுத்தினார்கள். பந்தயத்தை நடத்தியவர் டெக்ஸ் ரிக்கார்டு. மத்தியஸ்தராக நின்றவரும் அவரே. பதினைந்தாவது சுற்றில் ஜெப்ரீஸ் விழுந்தார். அன்றிரவே பல நகரங்களில் கலகம் மூண்டது. வெற்றியைக் கொண்டாடிய குற்றத்துக்காகக் கறுப்பு மக்கள் தாக்கப்பட்டார்கள். பலர் உயிர் இழந்தார்கள். அந்தச் சண்டையின் சினிமாப் படம் ஊர் ஊராகத் தடை செய்யப்பட்டது. 1912-ல் அமெரிக்கக் காங்கிரஸ், குத்துச்சண்டைப் படங்களை ஒரு மாகாணத்திலிருந்து மற்றொரு மாகாணத்துக்கு அனுப்பக் கூடாதென்று சட்டமே செய்தது. ஒரு மனிதனின் முஷ்டிக்கு இவ்வளவு பயம்!

அமெரிக்காவை மட்டும் குறை கூறுவது நியாயமாகாது. 1911-ல் ஜான்ஸன் லண்டன் நகரத்தில் பாம்பர்டியர் வெல்ஸ் என்ற ஆங்கிலேயரோடு சண்டையிடுவதாக ஏற்பாடாகியிருந்தது. பாதிரிமார்கள் கிளர்ச்சி செய்தார்கள், உள்நாட்டு மந்திரி அது சட்ட விரோதம் என்று அறிவித்தார், சண்டை நின்றது. அந்த மந்திரி வின்ஸ்டன் சர்ச்சில். கறுத்த நிறத்தவர்கள் கோடிக்கணக்கில் வாழும் ஒரு சாம்ராஜ்யத்தில், வெள்ளை மனிதன் தரையில் கிடக்கும் காட்சி பரவுவது உசிதமல்ல என்ற கவலை அன்று பகிரங்கமாகவே பேசப்பட்டது. அந்தக் கவலை யாரைப்பற்றியது என்பதை நம் நேயர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

1915 ஏப்ரலில் ஹவானாவில் வில்லார்டு ஜான்ஸனைத் தோற்கடித்ததும் வெள்ளையர்கள் பெருமூச்சு விட்டார்கள். அந்த வில்லார்டிடமிருந்துதான் டெம்ப்ஸி பட்டத்தைப் பெற்றார். டெம்ப்ஸியின் பெரிய பந்தயங்களை நடத்தியவரோ, ரீனோவில் மத்தியஸ்தராக நின்ற அதே ரிக்கார்டு!

பாரதத்தில் அஸ்திரப் பரீட்சை நடந்த அரங்கம் நம்முடைய நினைவுக்கு வருகிறது. அர்ஜுனனுடைய வித்தைகளையெல்லாம் கர்ணன் தானும் செய்து காட்டிவிட்டு, துவந்த யுத்தத்துக்கு அழைக்கிறான். உடனே கிருபாசாரியார் எழுந்து, "உன் குலம் என்ன? தாய் தந்தையர் யார்?" என்று கேட்கிறார். வில்லை நாணேற்றி நிற்பவனிடம் வில்லைப்பற்றி ஒரு கேள்வியும் இல்லை. பொழுதும் சாய்ந்துவிடுகிறது, சபை கலைகிறது. ஆயினும் கர்ணனுக்கு அங்க தேசத்து முடியைக் கொடுக்க ஒரு துரியோதனனாவது இருந்தான். பின்னால் ஒரு குருக்ஷேத்திரமும் வந்தது. வில்ஸுக்கு இரண்டுமே வாய்க்கவில்லை.

குத்துச்சண்டையின் எல்லாப் பிரிவுகளிலும் இந்தக் கதவு அடைபட்டிருந்ததாக எண்ண வேண்டாம். 1902-லேயே ஜோ கான்ஸ் என்ற கறுப்பர் 'லைட் வெயிட்' சாம்பியனாக இருந்தார். 1926 பிப்ரவரியில் டைகர் பிளவர்ஸ், ஹாரி கிரெப் என்ற வெள்ளையரை வென்று 'மிடில் வெயிட்' பட்டத்தைப் பெற்றார். மெலிந்தவர்கள் விஷயத்தில் தாராளமாக இருந்தவர்கள், கனத்தவர்கள் விஷயத்தில் மட்டும் ஏன் இப்படி இறுகினார்கள்? ஹெவி வெயிட் சாம்பியன் என்றால் உலகத்தில் யாவரிலும் பலசாலி என்று ஜனங்கள் அர்த்தம் செய்துகொண்டதுதான் காரணம் என்பது நம் அபிப்பிராயம். அந்த ஒரு சிம்மாசனத்தைத்தான் அவர்கள் பூட்டி வைத்தார்கள்.

வில்ஸ் சும்மா இருக்கவில்லை. 1920-ல் பிரெட் பல்டன் என்ற வெள்ளை வீரரை மூன்றாம் சுற்றில் வீழ்த்தினார். அதன் பிறகு, டெம்ப்ஸியை எதிர்க்கும் முதல் உரிமை வில்ஸுக்கே என்று நடுநிலையாளர் பலர் எழுதத் தொடங்கினார்கள். 1922 ஜூலையில் இருவரும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். அதில் நாளும் இல்லை, இடமும் இல்லை. நடத்துபவர் இன்னார் என்றும் இல்லை. முகூர்த்தமும் மண்டபமும் இல்லாத கலியாணப் பத்திரிகை எவ்வளவு செல்லுமோ, அவ்வளவுதான் அதுவும் செல்லிற்று.

ரிக்கார்டு வியாபாரி. 1921-ல் டெம்ப்ஸியையும் பிரெஞ்சு வீரர் கார்ப்பாந்தியேயையும் மோதவிட்டு, 17 லட்சம் டாலருக்கு மேல் டிக்கெட் விற்றவர். கார்ப்பாந்தியே எடையிலும் பலத்திலும் டெம்ப்ஸிக்கு ஈடே அல்ல. நாலாவது சுற்றில் தீர்ந்துபோனார். சுலபமான எதிரியைக் காட்டியே இவ்வளவு பணம் திரளும்போது, ரீனோவின் கலகத்தை நேரில் அறிந்த மனிதர், மறுபடியும் அந்த நெருப்போடு விளையாடுவாரா? மேலும், வில்ஸ் ஜயித்துவிட்டால் என்ன ஆகும்? கறுப்பு சாம்பியனுக்கு எதிரே நிறுத்த இன்னொரு வெள்ளையரைத் தேடவேண்டும். சர்க்கார்களின் தடைகளைச் சமாளிக்கவேண்டும். பொன் முட்டையிடும் வாத்து கையில் இருக்கும்போது அதைக் கோதாவில் விட்டுப் பரீட்சை பார்க்க அவருக்கு என்ன தலையெழுத்து?

பணத்தின் கை எவ்வளவு நீளமானது என்பதற்கு மற்றொரு சாட்சியும் உண்டு. ஜாக் ஜான்ஸன் சாம்பியனாக இருந்த ஆறு வருஷத்துக்கு மேற்பட்ட காலத்தில், தம் இனத்தவரான லாங்போர்டுக்கு ஒரு சந்தர்ப்பமும் அளிக்கவில்லை. இரண்டு கறுப்பர்கள் மோதினால் டிக்கெட் விற்காது; தோற்றால் பட்டமும் போய்விடும். அநியாயத்தால் அடிபட்டவரே அதே அநியாயத்தைத் தம் சௌகரியத்துக்குப் பயன்படுத்திக்கொண்டார் என்பதைச் சொல்லாமல் விட்டால் சரித்திரம் பூர்த்தியாகாது.

டெம்ப்ஸி பயந்தாரா? நாம் அப்படி நினைக்கவில்லை. சாம்பியன் ஆவதற்கு முன், 1916-ல், ஜான் லெஸ்டர் ஜான்ஸன் என்ற கறுப்பரோடு மோதி விலா எலும்பு முறிந்தவர் அவர். பல்டனை வீழ்த்த வில்ஸுக்கு மூன்று சுற்றுக்கள் ஆயின. டெம்ப்ஸி 1918-லேயே அரை நிமிஷத்துக்குள் அந்தக் காரியத்தை முடித்திருந்தார். ஆர்ஜென்டைனாக்காரர் பிர்ப்போவை 1923-ல் டெம்ப்ஸி இரண்டாவது சுற்றில் முடித்தார், தாமும் ஒரு முறை கோதாவுக்கு வெளியே போய் விழுந்த பிறகு. மறு வருஷம் வில்ஸ் அதே பிர்ப்போவோடு பன்னிரண்டு சுற்றுக்கள் போராடியும் வீழ்த்தி முடிக்கவில்லை. இவற்றை வைத்துப் பார்த்தால், 1922-ல் சண்டை நடந்திருந்தால் டெம்ப்ஸியே ஜயித்திருக்கக் கூடும். ஆனால், 1919-க்கு முன்பு, வில்ஸ் முப்பது வயதைத் தாண்டாத காலத்தில்? அங்கேதான் நாம் வாயை மூடிக்கொள்ள வேண்டியிருக்கிறது. டெம்ப்ஸியின் குற்றம் பயம் அல்ல. பிறர் தமக்காகச் சொல்லிய சாக்குகளைச் சௌகரியமாக ஒப்புக்கொண்டதுதான்.

1925 செப்டம்பரில் மறுபடியும் ஒரு கையெழுத்து. இம்முறை நடத்த முன்வந்தவர் பிளாய்டு பிட்ஸ்சிம்மன்ஸ்; அதே பெயருடைய பழைய சாம்பியன் அல்லர், மிச்சிகன் மாகாணத்தில் பந்தயம் நடத்தியவர். வில்ஸுக்கு 50,000 டாலர் முன்பணம் கைக்கு வந்தது. டெம்ப்ஸிக்குச் சேரவேண்டிய 1,25,000 டாலர் வரவில்லை. கொடுத்த 'செக்'குக்குப் பாங்கியில் போதிய பணம் இல்லை. ஒப்பந்தம் காற்றில் பறந்தது.

1926 மார்ச்சில் சிகாகோ கொலிஸியம் கிளப் என்ற ஸ்தாபனம் தோன்றிற்று. வில்ஸோடு சண்டையிட டெம்ப்ஸிக்கு மொத்தம் 8 லட்சம் டாலரும், லாபத்தில் பங்கும் தருவதாக உடன்படிக்கை. கையெழுத்தான அன்று கொடுக்கப்பட்ட ரொக்கம் எவ்வளவு? பத்து டாலர்! இதற்குள் ரிக்கார்டு, ஜீன் டன்னி என்ற வெள்ளை வீரரை ஏற்பாடு செய்துவிட்டார். டெம்ப்ஸி மூன்று வருஷமாகப் பட்டத்துக்காகக் கோதாவில் இறங்காமல் இருந்தவர். பத்து டாலரோடு நின்ற வாக்குறுதியைவிட ரிக்கார்டின் பணப்பெட்டி அவருக்கு நம்பிக்கையாகத் தோன்றியதில் வியப்பில்லை. இன்ஷூரன்ஸுக்காக வைத்திய பரிசோதனைக்கு அழைத்த கிளப்பாருக்கு, தமக்கு அவர்களோடு ஒப்பந்தமே இல்லையென்று தந்தி அடித்துவிட்டார்.

நியூயார்க் குத்துச்சண்டைக் கமிஷனில் ஜேம்ஸ் பார்லி என்பவர் மட்டும், முதலில் வில்ஸோடு சண்டை, பிறகுதான் மற்றவர்கள் என்று பிடிவாதமாக நின்றார். ஹார்லெம் பகுதியில் கறுப்பு மக்களின் வோட்டுக்கள் இருந்தன என்பதையும், அவர் பிற்காலத்தில் ரூஸ்வெல்டின் மந்திரி சபையில் இடம் பெற்ற கெட்டிக்கார அரசியல்வாதி என்பதையும் நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ளலாம். எந்த நோக்கத்தோடு பேசினாலும் நியாயம் நியாயந்தானே? ஆனால் நியூயார்க்கில் கதவு அடைபட்டதும் ரிக்கார்டு பிலடெல்பியாவுக்குப் போனார். 1926 செப்டம்பர் 23-ந் தேதி, ஒரு லட்சத்து இருபதாயிரம் ஜனங்களின் முன்னால், கொட்டும் மழையில், டன்னி டெம்ப்ஸியைத் தோற்கடித்தார்.

வில்ஸ் காத்திருந்த சிம்மாசனம் இவ்வாறு வேறொருவர் கைக்குப் போயிற்று. மூன்று வாரத்துக்குள், அக்டோபர் 12-ந் தேதி, முப்பத்தேழு வயது வில்ஸ் புரூக்ளினில் ஜாக் ஷார்க்கி என்ற இளைஞரை எதிர்த்து, திணறி, பதின்மூன்றாவது சுற்றில் விதி மீறியதாக விலக்கப்பட்டார். அடுத்த வருஷம் ஸ்பெயின் தேசத்து உஸ்குடுன் அவரை நாலாவது சுற்றில் வீழ்த்தினார். இன்னொரு கறுப்பருக்கு ஹெவி வெயிட் பட்டத்துக்குச் சண்டையிட 1937 ஜூனில்தான் சந்தர்ப்பம் கிடைத்தது. அவர் ஜோ லூயி. அந்த ஒரே சந்தர்ப்பத்தில் பட்டத்தையும் பெற்றார். ஜான்ஸன் தோற்று அப்போது இருபத்திரண்டு வருஷங்கள் கழிந்திருந்தன.

வில்ஸ் ஏமாளியல்ல. சம்பாதித்த பணத்தை ஹார்லெமில் வீடுகளாக்கி, வாடகையில் கௌரவமாக வாழ்ந்தார். வருஷந்தோறும் ஒரு மாதம் வெறும் தண்ணீர் மட்டும் அருந்தி உபவாசம் இருப்பது அவர் வழக்கம். நம் வீட்டுப் பாட்டிமார்கள் கேட்டால் மெச்சியிருப்பார்கள். 1958-ல் காலமானார்.

சிகாகோ கிளப் டெம்ப்ஸியின்மேல் போட்ட வழக்கு 1932-ல் இல்லினாய் மேல் கோர்ட்டுக்கு வந்தது. அந்தச் சண்டை நடந்திருந்தால் தங்களுக்குப் 16 லட்சம் டாலர் லாபம் வந்திருக்கும் என்று கிளப்பார் கணக்குக் கொடுத்தார்கள். நீதிபதிகள் ஒப்புக்கொள்ளவில்லை. நடவாத சண்டையின் பலனை யாரும் கணிக்க முடியாது. ஒப்பந்தம் ஆனபிறகும் அது முறிவதற்கு முன்பும் உண்மையில் செலவான பணத்தை மட்டும் நிரூபித்துக் கேட்கலாம் என்று தீர்ப்பளித்தார்கள். அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் மாணவர்கள் அந்தத் தீர்ப்பைப் படிப்பதுண்டு. அந்த வழக்கில் வாதி கிளப்; பிரதிவாதி டெம்ப்ஸி. ஹாரி வில்ஸ் அதில் ஒரு கட்சிக்காரர்கூட அல்லர்.