சமையல் மேடையும் சொந்தக் கையும்

வீட்டில் எது பழுதானாலும் உடனே ஆளை அழைப்பது இன்று பலருக்கு வழக்கமாகிவிட்டது. சமையல் மேடையின் பலகை நீரில் ஊறிப் பெயர்ந்தாலும் அப்படித்தான். எனினும், லேமினேட் ஒட்டிய பலகை மேடையைக் குடும்பத்தினரே மாற்றிவிட முடியும். அவ்வேலையில் பிள்ளைகளும் பங்கெடுப்பது நல்லது.

முதலாவதாக, வகுப்பறையில் கற்ற கணிதம் அங்கே பயன்படுகிறது. ‘ட’ வடிவ மேடையில் இரண்டு பலகைகள் மூலையில் சேரும். அந்த மூலை 90 பாகையாக இருக்கும் எனக் கண்ணை மட்டும் நம்பி முடிவு செய்யக்கூடாது. மூலையிலிருந்து ஒரு சுவரில் 60 சென்டிமீட்டரும் மறு சுவரில் 80 சென்டிமீட்டரும் அளந்து குறியிட வேண்டும். அவ்விரு குறிகளுக்கு இடையே 100 சென்டிமீட்டர் இருந்தால் அது செங்கோணம். இதுவே பைதாகரஸ் தேற்றம். தூரம் கூடினால் கோணம் விரிந்துள்ளது, குறைந்தால் குறுகியுள்ளது. அதற்கேற்பவே பலகையை வெட்ட வேண்டும்.

இரண்டாவதாக, இவ்வேலை பொறுமையைக் கற்றுத் தருகிறது. மரத்துகளை அழுத்திச் செய்த பலகையின் மேற்பரப்பு நீரைத் தாங்கும். வெட்டிய விளிம்பு தாங்காது. ஆகவே, பாத்திரம் கழுவும் தொட்டிக்காக வெட்டிய விளிம்பு முழுவதும் நீர்புகாப் பசையைத் தடவ வேண்டும். இரு பலகைகள் சேரும் இடத்திலும் பசை தடவிய பின்னரே அடிப்பக்கத்தில் போல்ட்டுகளை இறுக்க வேண்டும். தொட்டியும் அடுப்பும் இருக்கும் இடத்தில் இணைப்பு வரக்கூடாது. சிறிது இடம் விடுபட்டாலும் நீர் உள்ளே புகும், பலகை உப்பிவிடும். உப்பிய பலகை பழைய நிலைக்குத் திரும்பாது. ‘பதறாத காரியம் சிதறாது’ என்பது இதற்கு மிகப் பொருந்தும்.

ஒரு தவறான வெட்டால் பலகையே வீணாகி, செலவு இரட்டிப்பாகும் எனச் சிலர் கூறுவர். அந்த அச்சம் நியாயமானதே. ஆனால், அதற்காக வேலையையே கைவிட வேண்டியதில்லை. முதலில் தடித்த அட்டையில் மாதிரி வெட்டி, மூலையில் பொருத்திப் பார்த்தால் தவறு அட்டையோடு முடிந்துவிடும்.

அதே வேளையில், எல்லையும் தெரிந்திருக்க வேண்டும். பிள்ளைகள் அளக்கலாம், குறியிடலாம், பசை தடவலாம். மின்ரம்பத்தைப் பெரியவர்களே கையாள வேண்டும். மின்கம்பி வேலையையும் எரிவாயுக் குழாய் வேலையையும் தகுதி பெற்றவரிடமே ஒப்படைக்க வேண்டும். கருங்கல், குவார்ட்ஸ் மேடைகளை வீட்டில் வெட்டவே கூடாது. அவற்றின் நுண்தூசி நுரையீரலைப் பாதிக்கும்.

மேடையைத் தாமே பொருத்தினால் கூலி மிச்சமாகலாம். அதைவிடப் பெரிய பயன் ஒன்று உண்டு. ஒரு விளிம்பை நேராக வெட்ட எவ்வளவு கவனம் தேவை என்பதை உணர்ந்த பிள்ளை, அடுத்த முறை வீட்டுக்கு வரும் தச்சரின் கூலியைப் பெரிதென எண்ணாது. அவரது உழைப்பை மதிக்கும்.